குப்பி ‘நான் அது இல்லை’ என்று சொல்லும்போது: நர்சிங் மாணவர்களுக்கு மருந்து கொடுத்தலின் அடிப்படைகள்

2017 டிசம்பர் கடைசி வாரம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. மூளையில் ரத்தக்கசிவுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த 75 வயதுப் பெண்மணிக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். இயந்திரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கப் பயம் என்று அவர் சொன்னதால், பதற்றத்தைத் தணிக்க வெர்செட் என்ற ஊசியை டாக்டர் எழுதினார். வெர்செட் என்பது வணிகப் பெயர். மருந்தின் பொதுப்பெயர் மிடசோலம். நர்ஸ் தானியங்கி மருந்து அலமாரியில் நோயாளியின் பட்டியலில் தேடினார், வெர்செட் என்ற பெயரில் எதுவும் இல்லை. கட்டுப்பாட்டைத் தாண்டி எடுக்கும் ஓவர்ரைடு வசதிக்குப் போய், பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். அதே எழுத்துகளில் தொடங்கும் இன்னொரு மருந்து திரையில் வந்தது: வெக்குரோனியம். அதை எடுத்தார், கரைத்தார், கொடுத்தார்.

வெக்குரோனியம் உடம்பின் தசைகளை முடக்கிவிடும். மூச்சு விடும் தசைகளும் அதில் சேர்த்தி. செயற்கைச் சுவாசம் தயாராக இருக்கும் இடத்தில் மட்டுமே தொட வேண்டிய மருந்து. அந்தப் பெண்மணி மறுநாள் இறந்துபோனார். 2022-ல் அந்த நர்ஸ் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை பெற்றார்.

ஒரு தவறுக்குக் கிரிமினல் வழக்கா என்ற விவாதம் தனி. மருந்து கொடுக்கக் கற்றுக்கொள்பவர் இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒரு சின்ன விஷயம்: மிடசோலம் குப்பியில் திரவமாக வரும், வெக்குரோனியம் தூளாக வரும். அதாவது, கரைக்க வேண்டிய தேவையே இல்லாத மருந்தைக் கரைக்க வேண்டியிருந்தது. கையில் இருந்த தூள் ‘நான் அது இல்லை’ என்று சொன்னது. மூடியின் மேல் தசையை முடக்கும் மருந்து என்ற எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. நோயாளியின் பட்டியலில் பெயர் வராததும் ஒரு சேதிதான். இத்தனை ‘இல்லை’களும் கண் முன்னால் இருந்தும் ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

இது அந்த ஒருவரின் குறை மட்டும் இல்லை. மனிதக் கண்ணின் வேலையே அப்படித்தான். நாம் எதிர்பார்ப்பதைப் பார்க்கிறோம். வெர்செட் எடுக்கப் போனவர் வெர்செட்டைத்தான் பார்ப்பார். அதனால்தான் மருந்தைச் சரிபார்ப்பது என்பது ‘சரியாகத்தான் இருக்கும்’ என்று பார்ப்பதில் வராது. ‘இது தப்பான மருந்தாக இருந்தால் எதில் தெரியும்?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் வருடத்திலேயே எல்லோரும் மனப்பாடம் செய்வது ஐந்து ‘சரி’கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அப்புறம் சரியான பதிவு, சரியான காரணம், சரியான பலன், நோயாளி மறுக்கும் உரிமை என்று பட்டியல் ஏழு, ஒன்பது, பத்து என நீண்டுவிட்டது. தேர்வுக்கு அது போதும். வார்டில் போதாது. ஏனென்றால் இந்தப் பட்டியல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்கிறது, எந்த வழியாகப் போவது என்று சொல்வதில்லை. தவறாக ஊசி போட்ட எவரும் ‘சரியான மருந்து வேண்டாம்’ என்று முடிவு செய்து போட்டதில்லை. ஒவ்வொரு ‘சரி’யும் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று தெரிந்தால்தான் கால் ஊன்ற முடியும்.

பெயரை நீங்கள் சொல்லாதீர்கள்

“நீங்கள்தானே இன்னார்?” என்று கேட்டால் பாதித் தூக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார். காது கேட்காதவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். வெள்ளை உடையில் ஒருவர் கேட்டால் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவது மரியாதை என்று நினைப்பவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதில் வருவது அபூர்வம், அதனால் அது சரிபார்ப்பே ஆகாது. “உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள், பிறந்த தேதி என்ன?” என்று கேட்டுவிட்டு, வரும் பதிலை மணிக்கட்டுப் பட்டையோடும் மருந்து சார்ட்டோடும் ஒப்பிட வேண்டும். குறைந்தது இரண்டு அடையாளங்கள்: பெயரும் மருத்துவமனைப் பதிவு எண்ணும், அல்லது பெயரும் பிறந்த தேதியும். கட்டில் எண்ணும் அறை எண்ணும் அடையாளத்தில் சேராது. ஆட்களைக் கட்டில் மாற்றுவது வார்டில் தினமும் நடக்கிறது.

மூன்று நாளாக நீங்களே பார்த்துக்கொள்ளும் நோயாளியிடம் பெயர் கேட்கக் கூச்சமாக இருக்கும். “பேர் மறந்துபோச்சா சிஸ்டர்?” என்று கேலி வரும். “மறக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் கேட்பது எங்கள் முறை” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே மூச்சில் அலர்ஜி பற்றியும் கேட்டுவிடுங்கள். சார்ட்டில் ‘அலர்ஜி இல்லை’ என்று இருந்தாலும், “பென்சிலின் போட்டு ஒருமுறை உடம்பெல்லாம் தடித்தது” என்பது பல சமயம் இந்தப் பேச்சில்தான் வெளியே வரும்.

ஒரே மாதிரிப் பெயர், ஒரே மாதிரி டப்பா

டோபமைன், டோபுட்டமைன். ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் புற்றுநோய்க்கு, ஆனால் அளவு வேறு. இப்படி ஜோடி ஜோடியாக நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அதற்காகத்தான் பல இடங்களில் லேபிளில் பெயரின் வேறுபடும் பகுதியை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். கண் அங்கே தடுக்கி நிற்கட்டும் என்று.

பெயர் சரியாக இருந்தாலும் அடர்த்தி மாறலாம். 2006-ல் அமெரிக்காவில் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில், ஒரு மில்லிலிட்டருக்கு 10 யூனிட் ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் கொண்ட பெரியவர்களுக்கான குப்பிகள் அலமாரியில் வைக்கப்பட்டுவிட்டன. எடுத்தவர்களும் கவனிக்கவில்லை. மூன்று குழந்தைகள் இறந்தன. அலமாரியில் தவறான அறையில் போட்டது ஒருவர், எடுத்தது வேறு சிலர். எப்போதும் அந்த அறையில் அதுதான் இருக்கும் என்ற நம்பிக்கை இருவருக்கும் நடுவே இருந்தது.

லேபிளை மூன்று தடவை படிக்கச் சொல்வது இதனால்தான். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒன்று, சிரிஞ்சில் ஏற்றுவதற்கோ கப்பில் போடுவதற்கோ முன்னால் ஒன்று, நோயாளியின் பக்கத்தில் நின்று கொடுப்பதற்கு முன் ஒன்று. மூன்று தடவையும் பெயர், அடர்த்தி, காலாவதித் தேதி எல்லாம் படிக்க வேண்டும், ‘நீல மூடி’ என்று நிறத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது. கம்பெனி மாறினால் மூடியின் நிறமும் மாறிவிடும். என் அனுபவத்தில், விரலை எழுத்தின் மேல் வைத்து வாய்விட்டு மெதுவாகப் படித்தால் பிழை கண்ணில் படும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

சிரிஞ்சில் ஏற்றியதும் லேபிள் ஒட்டாமல் கீழே வைக்காதீர்கள். மாணவப் பருவத்தில் நான் ஒருமுறை இரண்டு ஆம்பியூல்களை, அதாவது மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகளை, உடைத்து இரண்டு சிரிஞ்சில் ஏற்றி ட்ரேயில் வைத்தேன். யாரோ கூப்பிட்டார்கள், போய் வந்தேன். இரண்டும் தண்ணீர் மாதிரி, இரண்டும் 2 மில்லிலிட்டர். உடைந்த ஆம்பியூல்கள் பக்கத்திலேயே கிடந்தன, ஆனால் எது எதில் போனது என்று சொல்ல எனக்கு வழியில்லை. இரண்டையும் கொட்டிவிட்டுப் பொறுப்பு சிஸ்டரிடம் போய் நின்றேன். திட்டு கிடைத்தது, புது ஆம்பியூல்களும் கிடைத்தன. இன்னொருவர் ஏற்றி வைத்த மருந்தை நாம் கொடுக்கக் கூடாது என்ற விதியும் இதிலிருந்து வருவதுதான். அந்தச் சிரிஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, கேள்விப்பட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

கணக்கு

மாணவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உண்மையில் கணக்கு எளிது. வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து, அது எத்தனை மில்லிலிட்டரில் இருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். ஜென்டாமைசின் 60 மில்லிகிராம் வேண்டும், ஆம்பியூலில் 2 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் இருக்கிறது. 60-ஐ 80-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 1.5 மில்லிலிட்டர். ட்ரிப்ஸுக்கு, ஏற்ற வேண்டிய மில்லிலிட்டரை செட்டின் சொட்டு எண்ணால் பெருக்கி நிமிடங்களால் வகுக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் செட்டில் 500 மில்லிலிட்டரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், 10,000-ஐ 240-ஆல் வகுக்க, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து 15 வினாடிக்குப் பத்துப் பதினொன்று வருகிறதா என்று எண்ணினால் போதும். ஆனால் கையில் இருப்பது 60 சொட்டு மைக்ரோ செட்டா, 15 அல்லது 20 சொட்டு செட்டா என்று உறையைப் பார்க்காமல் இந்தக் கணக்கைத் தொடங்கவே கூடாது.

ஆபத்து இருப்பது வாய்பாட்டில் இல்லை, அலகில்தான். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு. மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் குழப்புவது இன்னும் சுலபம். ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் பாராசிட்டமால் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். 8 கிலோ குழந்தைக்கு 60 மில்லிகிராம் எழுதியிருந்தால் போக வேண்டியது 6 மில்லிலிட்டர். ‘60’ என்ற எண் மட்டும் மனதில் தங்கி 60 மில்லிலிட்டர் போய்விட்டால் அது பத்து மடங்கு, கல்லீரலைப் பாதிக்கும் அளவு. இந்தத் தவறு உலகில் பல இடங்களில் நடந்து, பதிவாகி, எச்சரிக்கையும் வந்திருக்கிறது. சிரப்பிலும் இதே சங்கடம்தான். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 180 மில்லிகிராம் வேண்டிய குழந்தைக்கு முதல் பாட்டிலில் 7.5 மில்லிலிட்டர், இரண்டாவதில் 3.6. ‘ஒரு ஸ்பூன்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

குழந்தை வார்டில் எடை இல்லாமல் மருந்துச் சீட்டு செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை இன்றைய எடையா, கிலோவில்தானா, டாக்டர் எழுதியது ஒரு வேளைக்கான அளவா அல்லது ஒரு நாளைக்கான மொத்தமா என்று பார்த்த பிறகுதான் கால்குலேட்டரே.

தசமப் புள்ளி தனிக் கதை. 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகும். வெறும் .5 என்று எழுதினால் 5 ஆகும். ஆகவே முழு எண்ணுக்குப் பின்னால் பூஜ்ஜியம் போடாதே, புள்ளிக்கு முன்னால் பூஜ்ஜியம் போடாமல் விடாதே என்பது விதி. யூனிட் என்பதை ஆங்கில ‘யு’ எழுத்தால் மட்டும் குறிப்பதும் அதே ரகம். அவசரத்தில் அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டால் பூஜ்ஜியம், 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையம் இது போன்ற சுருக்கங்களை எழுதவே கூடாத பட்டியலில் 2004-லேயே சேர்த்துவிட்டது.

கணக்கு முடிந்ததும் விடையை ஒரு பார்வை பாருங்கள். ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை என்று வந்தால், நான்கு ஆம்பியூல் உடைக்க வேண்டியிருந்தால், நில்லுங்கள். மருந்துக் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரு வேளை டோஸை ஒன்றிரண்டு மாத்திரைக்குள், ஒன்றிரண்டு ஆம்பியூலுக்குள் அடங்கும்படிதான் செய்கிறார்கள். விதிவிலக்கு உண்டு. ஆனால் விதிவிலக்கு என்று உறுதிசெய்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும்.

இன்சுலினும் பொட்டாசியமும்

எல்லா மருந்துத் தவறும் ஒரே எடை இல்லை. வைட்டமின் மாத்திரை ஒன்று கூடப் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இன்சுலின், ஹெப்பாரின், மார்ஃபின் வகை, அடர் பொட்டாசியம் குளோரைடு, புற்றுநோய் மருந்துகள் அப்படியில்லை. இவற்றை உயர் எச்சரிக்கை மருந்துகள் என்கிறோம். இவற்றில் தவறு அடிக்கடி நடக்கிறது என்பதற்காக இந்தப் பெயர் வரவில்லை, நடந்தால் மீள்வது கடினம் என்பதற்காக வந்தது.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ளதும் உண்டு, சில நாடுகளில் 40 யூனிட் உள்ளதும் புழங்குகிறது. சிரிஞ்சும் இரண்டுக்கும் தனித்தனி. 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை நிரப்பினால் அது அரை மில்லிலிட்டர். அந்த அரை மில்லிலிட்டர் 100 யூனிட் குப்பியிலிருந்து வந்திருந்தால் உள்ளே போவது 50 யூனிட். கோடு சரி, கணக்கு சரி, மருந்து சரி, ஆனால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிடித்துவிடலாம். வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்குச் சாப்பாட்டுத் தட்டு கண்ணில் படும் வரை காத்திருங்கள். ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியிருப்பது சமையலறைக்குத் தெரிந்து நமக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலைக் கலக்காமல் ரத்தக்குழாயில் நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இதற்கு விதிவிலக்கே கிடையாது. எப்போதும் நீர்க்கச் செய்து, பையை நன்றாகப் புரட்டிக் கலக்கி, மெதுவாக மட்டுமே ஏற்ற வேண்டும். சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) என்பது பொதுவான வேகம். அதற்கு மேல் போனால் இதய மானிட்டர் வேண்டும். தொங்கும் பையிலேயே ஊசி போட்டுக் குலுக்காமல் விட்டால் கனமான பொட்டாசியம் அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும். பார்ப்பவருக்குக் கலந்த பை மாதிரியேதான் தெரியும். பல மருத்துவமனைகள் இந்த ஆம்பியூலை வார்டு அலமாரியிலிருந்தே அகற்றிவிட்டன. நல்ல பயிற்சி தருவதைவிட ஆபத்தைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பதுதான் வலுவான தடுப்பு என்று நினைக்கிறேன்.

இந்த மருந்துகளுக்கு இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பது வழக்கம். நடைமுறையில் அது எப்படி நடக்கிறது? “நாலு யூனிட் எடுத்திருக்கேன், பாருங்க சிஸ்டர்.” அவர் எட்டிப் பார்த்து “ம், சரி” என்று கையெழுத்துப் போடுகிறார். விடையை முன்னாலேயே சொல்லிவிட்டதால் இரண்டாவது கண்ணும் முதல் கண் பார்த்ததையே பார்க்கிறது. இரண்டாமவர் சார்ட்டைத் தானே படித்து, தானே கணக்குப் போட்டு, அதன் பிறகு சிரிஞ்சைப் பார்க்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு சார்ட்டை நீட்டுங்கள், போதும்.

வழியும் நேரமும்

வின்கிரிஸ்டின் ரத்தக்குழாயில் மட்டும் போக வேண்டிய மருந்து. அதே நாளில் அதே நோயாளிக்கு முதுகுத்தண்டு நீரில் செலுத்த வேண்டிய வேறொரு மருந்தும் இருக்கும். இரண்டும் சிரிஞ்சில் வந்தால், மாறிப் போக வாய்ப்பு இருக்கிறது. முதுகுத்தண்டுக்குள் போன வின்கிரிஸ்டின் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறித்திருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2007-ல் தந்த அறிவுரை, இதைச் சிரிஞ்சில் தயாரிக்காதீர்கள், சிறு பையில் நீர்க்கச் செய்து கொடுங்கள் என்பது. தொங்கும் பையை முதுகுத்தண்டு ஊசியில் மாட்டலாம் என்று யாருக்கும் தோன்றாது. வாய்வழி மருந்துக்கென்று, ரத்தக்குழாயில் செருகும் ஐ.வி. கேனுலாவில் பொருந்தாத தனிச் சிரிஞ்ச் வந்திருப்பதும் இதே யோசனையில்தான். அது வார்டில் இருந்தும் சாதாரண சிரிஞ்சில் சிரப்பை ஏற்றினால், அந்த யோசனையை நாமே குப்பையில் போட்டதாகும்.

மாத்திரையைப் பொடிக்கும் பழக்கம் இன்னொன்று. விழுங்க முடியாதவருக்கும் மூக்குக் குழாய் போட்டவருக்கும் எல்லாவற்றையும் இடித்துக் கொடுத்துவிடுவார்கள். மெதுவாக வெளிவரும்படி செய்த நிஃபெடிபின் மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கப் பரவ வேண்டியது ஒரேயடியாக இறங்கி ரத்த அழுத்தம் சரிந்துவிடும். குடலில் கரைய வேண்டிய மேலுறை போட்ட மாத்திரையைப் பொடித்தால் உறை போட்டதே வீண். மருந்தாளுநரிடம் கேட்டால் பெரும்பாலும் திரவ வடிவமோ மாற்று மருந்தோ கிடைக்கும்.

ஊசிக் கோணங்கள் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கின்றன: தோலுக்குள் 5 முதல் 15 டிகிரி, தோலடியில் 45 அல்லது 90, தசையில் 90. பிட்டத்தில் சயாட்டிக் நரம்பு ஓடும் பின்பக்கத்தைவிட, இடுப்பு எலும்போரப் பக்கவாட்டுப் பகுதி பாதுகாப்பானது. ஹெப்பாரின் போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது.

நேரத்தில் எல்லா மருந்துக்கும் ஒரே கறார் தேவையில்லை. அமெரிக்காவின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்கான நிறுவனம் சொல்வது, நேரம் தவறினால் கெடுதல் வரும் மருந்துகளுக்கு முன்பின் அரை மணி, தினம் பலமுறை கொடுப்பவற்றுக்கு முன்பின் ஒரு மணி, தினம் ஒருமுறை போன்றவற்றுக்கு இரண்டு மணி என்று. எல்லாவற்றுக்கும் அரை மணி என்று கட்டாயப்படுத்தினால் நர்சுகள் ஓடுவார்கள், ஓடும்போது படிக்க மாட்டார்கள். ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில் விளையாடக் கூடாது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் கொடுத்து உயிர்கள் போயிருக்கின்றன. சார்ட்டில் இருக்கும் ஏழு கட்டங்களில் ஆறைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள்.

ஏற்றும் வேகமும் இதில் சேர்ந்ததுதான். வான்கோமைசின் என்ற ஆன்ட்டிபயாட்டிக் ஒரு கிராமைக் குறைந்தது ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பு எடுக்கும், ரத்த அழுத்தமும் இறங்கும். வலிப்புக்கான ஃபெனிடோயினை நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் செலுத்தக் கூடாது, டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிந்துவிடும், நார்மல் சலைனில் மட்டுமே.

நடுவில் ஒரு குரல்

“சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு.” மருந்து வண்டியைத் தள்ளும் எவருக்கும் இந்தக் குரல் பழக்கம். 2010-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்சுகள் மருந்து கொடுப்பதை 4,000 தடவைக்கு மேல் கூடவே நின்று கவனித்தது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறு சுமார் 12 சதவீதம் கூடியது. குறுக்கீடுகள் நான்காகும்போது கடுமையான தவறு நேரும் வாய்ப்பு இரண்டு மடங்கானது. குறுக்கீட்டை முழுக்க ஒழிக்க முடியாது, சில குறுக்கீடுகள் உயிர் காப்பவை. நடுவில் நிறுத்தினால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் அந்த மருந்தை முதலிலிருந்து தொடங்குங்கள்.

போனில் வரும் ஆர்டரும் ஒரு குறுக்கீடுதான். “ஃபிஃப்டீன்” என்பதும் “ஃபிஃப்டி” என்பதும் சத்தமான வார்டில் ஒன்றுபோலவே கேட்கும். எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிப் படியுங்கள்: “ஒன்று, ஐந்து, பதினைந்து மில்லிகிராம், சரியா டாக்டர்?” மாணவர்கள் போன் ஆர்டர் வாங்கவே கூடாது, பதிவுபெற்ற நர்ஸைக் கூப்பிட வேண்டும். கையெழுத்து புரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். டாக்டர் சிடுசிடுப்பார் என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. “இந்த நோயாளிக்கு நாடி 52, டிஜாக்சின் கொடுக்கலாமா என்று உறுதிப்படுத்த வேண்டும்” என்று எண்ணோடு பேசினால் சிடுசிடுப்பு குறைவதைப் பார்த்திருக்கிறேன். டிஜாக்சின் இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து, அதற்கு முன் ஸ்டெதஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்திவைத்துத் தெரிவிக்க வேண்டும்.

கொடுத்த பிறகு

கொடுத்த பிறகுதான் கையெழுத்து. ‘எப்படியும் கொடுக்கத்தானே போகிறேன்’ என்று முன்கூட்டியே டிக் போட்டால், நோயாளி வாந்தி எடுத்திருப்பார், அல்லது எக்ஸ்ரேக்குப் போயிருப்பார். சார்ட் மட்டும் கொடுத்ததாகச் சொல்லும். கொடுத்துவிட்டுப் பதியாமல் விடுவது அதைவிடக் கெடுதல், அடுத்த ஷிப்டில் வருபவர் இன்னொரு டோஸ் கொடுப்பார். கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும், காலிக் கட்டம் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. மாத்திரையை மேஜை மேல் வைத்துவிட்டு நகராதீர்கள். படுக்கை தட்டும்போது தலையணைக்கு அடியிலிருந்து நான்கு மாத்திரைகள் உருண்ட கதையை எந்த வார்டிலும் கேட்கலாம்.

முதல் டோஸ் ஆன்ட்டிபயாட்டிக் ரத்தக்குழாயில் போகும்போது கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் வரும். மூச்சுத் திணறல், தடிப்பு, அழுத்தம் சரிவு தெரிந்தால் மருந்தை நிறுத்தி, உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆயிரத்தில் ஒன்று அடர்த்தியுள்ள அட்ரீனலின் 0.5 மில்லிலிட்டர் தொடைத் தசையில் போவதுதான் முதல் சிகிச்சை, அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று டியூட்டி தொடங்கும்போதே பார்த்துவையுங்கள். மார்ஃபின் கொடுத்தவரைத் திரும்பப் போய்ப் பார்க்கும்போது வலி மட்டும் கேட்டால் போதாது. மூச்சு குறைவதற்கு முன் தூக்கம் கூடும். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி சொக்கிப்போகிறவர் ‘நிம்மதியாகத் தூங்குகிறார்’ என்று எழுதப்பட வேண்டியவர் இல்லை, டாக்டரிடம் சொல்லப்பட வேண்டியவர்.

தவறு நடந்துவிட்டால்? முதலில் நோயாளி. நாடி, அழுத்தம், மூச்சு, உணர்வு பார்த்துவிட்டு உடனே பொறுப்பு நர்ஸுக்கும் டாக்டருக்கும் சொல்ல வேண்டும். என்ன கொடுத்தோம், எப்போது, எவ்வளவு என்பதைக் கேஸ் ஷீட்டில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். சம்பவ அறிக்கை தனி. அதை ஒப்புதல் வாக்குமூலமாக நினைத்துத்தான் பலர் மறைக்கிறார்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் சொன்ன சுவிஸ் சீஸ் உவமை இங்கே பொருந்தும்: பாதுகாப்பு அடுக்கு ஒவ்வொன்றிலும் ஓட்டைகள் உண்டு, எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வரும் நாளில் விபத்து. டென்னசி சம்பவத்தில் ஓவர்ரைடு செய்வது அங்கே அன்றாடப் பழக்கமாக இருந்தது என்ற வாதமும் விசாரணையில் வந்தது. கடைசி அடுக்கில் நின்றவர் நர்ஸ், அவ்வளவுதான். உலக சுகாதார அமைப்பு, தடுக்கக்கூடிய கடும் மருந்துத் தீங்கை ஐந்தாண்டில் பாதியாக்குவோம் என்று 2017-ல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியபோது, மருந்துத் தவறுகளால் உலகம் ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் இழப்பதாக மதிப்பிட்டது. யாரும் எழுதாத அறிக்கையிலிருந்து எந்த அலமாரியும் திருத்தப்படாது.

நோயாளியும் அந்த அடுக்குகளில் ஒருவர். “இது என்ன சிஸ்டர், நேற்று வெள்ளை மாத்திரை, இன்றைக்கு மஞ்சளா இருக்கு?” என்று கேட்பார். கை அவருடைய கப்பை நீட்டியிருக்கும், பின்னால் இன்னும் பதினைந்து பேர் காத்திருப்பார்கள், “எல்லாம் அதே மருந்துதான், போடுங்க” என்ற பதில் வாய் நுனிவரை வந்திருக்கும். கப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு சார்ட்டுக்குப் போங்கள். பெரும்பாலும் கம்பெனி மாறியிருக்கும், மருந்து அதேதான், திரும்பி வந்து அதை அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். சில நாள், அது பக்கத்துக் கட்டில்காரருடைய கப்பாக இருக்கும்.